"சார் வரலையா?"

நமது தங்கவயல் சுரங்கங்களை 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி இழுத்து மூடினார்கள். அன்று முதல் நம் வீடுகளில் அடுப்பெரிய வைப்பது பெங்களூர் வண்டிதான். விடியுமுன் மாரிக்குப்பத்தில் புறப்படும் வண்டியில், சாம்பியனிலும் உரிகத்திலும் கோரமண்டலிலும் முண்டியடித்து ஏறும் கூட்டத்தைப் பாருங்கள். அதில் எத்தனை பேர் பெண்கள்! கார்மென்ட்ஸ் வேலைக்கும், ஆஸ்பத்திரி வேலைக்கும், கம்பெனிகளில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கும், இன்று படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் வேலைக்கும் போகிறவர்கள். சுரங்கம் மூடியபின் இந்த ஊர் பட்டினி கிடக்காமல் நிற்பதில் பாதிக்கு மேல் இவர்களுடைய உழைப்பு என்று சொன்னால், லயன் வீடுகளில் ஒருவரும் மறுக்க மாட்டார்கள்.

இந்தப் பெண்களில் ஒருத்தி, ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் இடையே இருட்டில் நடந்து நடந்து அலுத்து, ஒரு ஸ்கூட்டர் வாங்கலாமென்று சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போகிறாள். அங்கே டை கட்டிய பையன் கேட்கும் முதல் கேள்வி என்ன? வண்டியைப் பற்றியல்ல, விலையைப் பற்றியுமல்ல. "சார் வரலையா?"

இந்தக் கேள்வியைப் பற்றித்தான் இம்மாதம் பேச வேண்டியிருக்கிறது. 'இது ஒரு பிரச்சினையா, சம்பள உயர்வு, வீட்டுப் பட்டா, ரயில் பெட்டிகள் என்று ஆயிரம் இருக்க இதற்கொரு கட்டுரையா' என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். படித்துவிட்டுச் சுளிக்கட்டும்.

அந்தக் கேள்வி இரண்டு மொழியிலும் எப்படிக் கேட்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். கன்னடத்தில் 'யஜமானரு பந்தில்வா?' என்பார்கள். கணவரை மரியாதையாகச் சொல்லும் சொல் 'யஜமானர்'. நம் தமிழ் மட்டும் மேலா? 'வீட்டுக்காரர் வரலையாம்மா?' ஒரு மொழியில் எஜமான், இன்னொரு மொழியில் வீட்டுக்குச் சொந்தக்காரர். அந்த வண்டிக்கு நாளை ஆர்.சி. வரும். அதில் உரிமையாளர் என்ற இடத்தில் அச்சாகப் போவது யார் பெயர்? அந்தப் பெண்ணின் பெயர். உரிமையாளர் நேராக வந்து எதிரில் நிற்கிறாள். அவளிடமே 'எஜமான் வரவில்லையா' என்று கேட்கிறார்கள். இதைவிடப் பெரிய கேலிக்கூத்து உண்டா?

ரயில்வேயில் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவர்கள் நாம். சீசன் டிக்கெட் எடுக்க வரும் பெண்ணிடம் எந்த ஜன்னலிலும் 'வீட்டுக்காரர் எங்கே' என்று கேட்பதில்லை. பணத்தை வைத்தால் சீட்டு, மீதிச் சில்லறை, அடுத்த ஆள். ரேஷன் கடையிலும் கேட்பதில்லை. எண்ணெயும் அரிசியும் வாங்க அவள் போதும். ஆயிரம் பத்தாயிரமாகி, பத்தாயிரம் லட்சமாகும்போது மட்டும் அவள் போதாதவளாகி விடுகிறாள். தொகை சிறிதாக இருக்கும்வரை அவள் வாங்குகிறவள். தொகை பெரிதானதும் அவள் யாரோ அனுப்பி வைத்த ஆள்!

நம் சங்கத்தைச் சேர்ந்த சகோதரி ஒருவர், கார்மென்ட்ஸில் பதினெட்டு வருடம் மெஷின் ஓட்டியவர், பள்ளிக்கூடம் படிக்கும் மகனைத் துணைக்கு அழைத்துப் போனார். ஷோரூம் பெயர் இங்கே தேவையில்லை. பல இடங்களில் இதே கதைதான். வண்டி எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும், பிரேக் எப்படி என்று தாய் கேட்கிறார். பதில் யாருக்குப் போகிறது? மகனுக்கு. மீசை முளைக்காத பையனிடம் இன்ஜினைப் பற்றி விளக்குகிறார்கள். தாயிடம் திரும்பி, 'மேடம், உங்களுக்கு எந்த கலர் பிடிக்கும்?' என்கிறார்கள். அந்தக் கைகள் ஒரு நாளைக்கு எத்தனை நூறு துண்டுகளுக்குத் தையல் போடும், மெஷின் நின்றால் மெக்கானிக் வருமுன் ஊசி நூல் பெல்ட் வரை பார்த்துச் சரிசெய்யும் என்பது அந்த டை கட்டிய பையனுக்கு எப்படித் தெரியும்?

2016 ஏப்ரலில் நடந்ததை மறந்துவிட்டோமா? வருங்கால வைப்பு நிதியில் முதலாளி பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கக் கூடாதென்று மத்திய அரசு விதி கொண்டு வந்தது. பெங்களூர் கார்மென்ட்ஸ் பெண்கள், பெரிய தலைவர் யாரும் அழைக்காமலே, ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையில் இறங்கினார்கள். இரண்டே நாளில், ஏப்ரல் 19 அன்று, விதி திரும்பப் பெறப்பட்டது. டில்லியைப் பின்வாங்க வைத்த பெண்களுக்கு ஒரு ஸ்கூட்டரின் விலையைப் புரிந்துகொள்ள 'சார்' வேண்டுமாம்!

கார் ஷோரூம் கதை இன்னும் மோசம். நம் பிள்ளைகளில் நர்ஸாகவும் ஆசிரியையாகவும் ஐ.டி.யிலும் வேலை பார்க்கும் பெண்கள் இன்று சிறிய கார் வாங்குகிறார்கள். கடனும் அவர்கள் பேரில், தவணையும் அவர்கள் சம்பளத்தில். ஓட்டிப் பார்க்கச் சாவி கொடுக்கும்போது மட்டும் அது கூட வந்த தம்பி கைக்குப் போகிறது. தம்பிக்கு லைசென்ஸே இல்லை என்று பிறகு தெரிய வந்தால் அசடு வழிகிறார்கள்.

மரியாதை மட்டும் போனால் பொறுத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். மரியாதை போகும் வழியில்தான் பணமும் போகிறது. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். இன்று அந்தத் துண்டுக்குப் பெயர் 'ஆன் ரோடு பிரைஸ்'. துண்டை விலக்கிப் பாருங்கள். உள்ளே வண்டி விலை இருக்கும், அரசுக்குக் கட்டும் ஆயுள் வரியும் பதிவுக் கட்டணமும் இருக்கும், இன்சூரன்ஸ் இருக்கும். இவை நியாயம். கூடவே 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். இது எந்த அரசு போட்ட வரி? எந்த அரசும் போடவில்லை. இன்சூரன்ஸை எங்களிடமே எடுக்க வேண்டும் என்பார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடம், காருக்கு மூன்று வருடம் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அவ்வளவுதான். அதை எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குகிறவள் விருப்பம்.

சேலை கார்டு கதையைக் கேளுங்கள். பின் சக்கரத்தில் துணி சிக்காமலிருக்க, சக்கரத்தில் பாதியாவது மறையும்படி காப்பு வைக்க வேண்டும், பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும் கால் வைக்கும் படியும் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி சொல்கிறது. இருசக்கர வண்டி வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. தரமுள்ள தலைக்கவசம் தர வேண்டும் என்று 138-வது விதி சொல்கிறது. இவற்றை எடுத்து 'எக்ஸ்ட்ரா பிட்டிங்' என்று பட்டியலில் ஏற்றி அவளிடமே காசு கேட்கிறார்கள். சேலை கட்டியவளின் உயிருக்காக வந்த விதியைக் காட்டிச் சேலை கட்டியவளிடமே வசூல்!

ஆணிடம் இப்படி நடப்பதில்லையா என்று கேட்கலாம். நடக்கிறது, ஆனால் ஒரே அளவிலா? அமெரிக்காவில் சட்டப் பேராசிரியர் இயன் அயர்ஸ் சிகாகோ வட்டாரக் கார் கடைகளுக்கு ஆட்களை அனுப்பிப் பார்த்து, 1991-இல் ஆய்வை வெளியிட்டார். எல்லோருக்கும் ஒரே பேச்சு, ஒரே பேரம் சொல்லிக் கொடுத்து அனுப்பினார். குறைந்த விலை வெள்ளைக்கார ஆண்களுக்கே கிடைத்தது. வெள்ளைக்காரப் பெண்களுக்கு அதைவிடக் கூடுதல், கறுப்பின மக்களுக்கு இன்னும் கூடுதல். ஆளைப் பார்த்து விலை சொல்வது நம்மூர் வியாபாரிகளின் தனிக்கண்டுபிடிப்பல்ல.

ஆளைப் பார்த்து எடை போடுவதில் பெண் மட்டும் சிக்குவதில்லை என்பதற்கும் நமக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2022 ஜனவரியில், நம் கர்நாடகத்தின் துமகூரில், பிக்கப் வண்டி வாங்கப் போன விவசாயி ஒருவரை, பையில் பத்து ரூபாய் இருக்குமா என்கிற மாதிரி ஏளனம் செய்தார்கள். அவர் ஒரு மணி நேரத்தில் பத்து லட்சத்தோடு திரும்பி வந்தார். நாடே அதைப் பார்த்துக் கைதட்டியது. பார்த்த நாமும் மகிழ்ந்தோம். ஆனால் ஒரு கேள்வி. அழுக்கு வேட்டியைப் பார்த்து ஏளனம் செய்தால் நாடு கொதிக்கிறது. 'சார் வரலையா' என்ற ஏளனம் தினமும் நடக்கிறது, அதற்கு ஏன் ஒருவரும் கொதிப்பதில்லை? அந்த விவசாயி பணத்தைக் காட்டியதும் வாயடைத்துப் போனார்கள். பெண் பணத்தைக் காட்டினாலும், 'சார் கொடுத்தனுப்பினாரா' என்கிறார்கள்.

இந்த நோய் கடையில் பிறந்ததல்ல, வண்டி செய்கிற இடத்திலேயே பிறந்தது. 1974-இல் டெல்கோ கம்பெனி இன்ஜினியர் வேலைக்கு விளம்பரம் செய்தபோது பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்று போட்டது. பெங்களூர் டாடா இன்ஸ்டிட்யூட்டில் படித்துக்கொண்டிருந்த சுதா மூர்த்தி, அன்று மாணவி, ஜே.ஆர்.டி. டாடாவுக்கு ஒரு தபால் கார்டு எழுதிக் கேட்டார். கம்பெனி அவரை அழைத்து வேலை கொடுத்தது. அன்று தொழிற்சாலை வாசலில் தடுத்தார்கள். இன்று? நமக்குப் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், போச்சம்பள்ளியில் கட்டிய ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று ஓலா கம்பெனி 2021-இல் பெருமையாக அறிவித்தது. வண்டியைப் பூட்டி முடுக்க அவள் கை வேண்டும். அதே வண்டியைக் கடையில் வாங்கும்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது!

'பெண்களுக்கென்றே தனி ஷோரூம் வைத்தால் தீர்ந்தது' என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். 2000-களின் நடுவில் ஹீரோ ஹோண்டா அப்படிச் சில கடைகளைத் திறந்து, பெண்களையே விற்பனைக்கும் வைத்தது. நல்ல மரியாதை கிடைத்ததென்றால் மகிழ்ச்சி. ஆனால் தனி டம்ளர் நமக்குப் புதிதல்ல, தோழர்களே! நம் பாட்டன்மார் வட ஆற்காட்டிலிருந்து இந்த மண்ணுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்ததற்குத் தனி டம்ளரும் ஒரு காரணம். எல்லோருக்கும் உள்ள கடையில் எல்லோருக்கும் உள்ள மரியாதை வேண்டும். அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைந்த அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு, சாதியை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. கடைக்குள் போவதற்குச் சாதியோ மதமோ ஆண்-பெண் என்பதோ தடையாகக் கூடாது என்று சேர்த்தே சொல்கிறது. உள்ளே விடுகிறோமே, ஏ.சி. போட்டுத் தண்ணீர் கொடுக்கிறோமே என்பார்கள். நாற்காலி கொடுத்துவிட்டு, நாற்காலியில் இருப்பவளை விட்டுப் பக்கத்தில் நிற்பவனிடம் பேசுவது என்ன வகை உள்ளே விடுவது?

கடன் விஷயத்துக்கு வருவோம். வாரக் கடன் வசூலுக்கு வருகிறவன் யாரைத் தேடி லயனுக்கு வருகிறான்? அவளைத்தான். குழுவில் அவள் கட்டத் தவறினால் தெருவே கூடுகிறது. அங்கே அவள் நாணயமானவள். ஷோரூமில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் பைனான்ஸ்காரனிடம் போனால், 'ஜென்ட்ஸ் கையெழுத்து வேணும்' என்கிறான். ஜாமீன் கேட்பது கடன் கொடுப்பவன் உரிமை என்றே வைத்துக்கொள்வோம். ஜாமீன் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பது எந்தச் சட்டம்? கடன் கொடுப்பதில் ஆண் பெண் பேதமோ சாதி மத பேதமோ காட்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2003-இலேயே வங்கிகளுக்கு நெறிமுறை வகுத்துவிட்டது. வேலையில்லாமல் வீட்டிலிருக்கும் கணவனின் கையெழுத்தைச் சம்பளம் வாங்கும் மனைவிக்கு ஜாமீனாகக் கேட்ட கதையும் நமக்குத் தெரியும். குடிக்கிற கணவனாக இருந்தால் அந்தக் கையெழுத்துக்கும் அவள் விலை கொடுத்திருப்பாள்.

இப்போது நம் ஆண்களுக்கு. கடைக்காரன் திருந்துவது இருக்கட்டும். கூடப் போகும் அண்ணன், மாமன், கொழுந்தன் என்ன செய்கிறார்கள்? அவளைவிட்டுத் தங்களிடம் பேசும்போது நெஞ்சு நிமிர்ந்து, 'டிஸ்கவுன்ட் எவ்ளோ' என்று ஆரம்பித்து விடுகிறார்கள். யார் பணத்துக்கு யார் பேரம்? வாசலிலேயே 'வாங்கறது இவங்க, இவங்ககிட்ட பேசுங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா? பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று 2023 ஜூனில் கர்நாடக அரசு அறிவித்தபோது கேலி பேசியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பஸ் போகாத லயன் சந்துகளில், பஸ் ஓடாத விடியற்காலையில், வேலைக்குப் போகிறவளுக்குச் சொந்த வண்டி ஆடம்பரமல்ல.

சகோதரிகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான். வாயால் சொல்லும் மொத்த விலைக்குத் தலையாட்ட வேண்டாம். ஒவ்வொரு ரூபாயும் எதற்கு என்று பிரித்து, கடைப் பெயர் அச்சிட்ட தாளில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் எழுந்து வாருங்கள். ஊரில் ஒரே ஒரு கடையல்ல இருப்பது. ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தில் கோடு போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட வேண்டாம், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கக் கேளுங்கள். ஏமாற்றியது தெரிந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்கும் போடலாம். வாங்கிய பொருளின் விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் அதற்குக் கட்டணமே இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

சங்கத்தின் சார்பில் இந்த வட்டாரத்து ஷோரூம்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பப் போகிறோம். விலைப் பிரிவைச் சுவரில் தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வைக்க வேண்டும், ஹேண்ட்லிங் சார்ஜை எடுக்க வேண்டும், யார் பெயரில் பதிவோ அவரிடமே பேச வேண்டும் என்று கேட்போம். வெறும் கையோடு போய்க் கேட்டால் சிரிப்பார்கள். ஆகவே கடந்த ஐந்து வருடத்தில் வண்டி வாங்கிய சகோதரிகள் பில், இன்சூரன்ஸ் தாள், கடன் ஒப்பந்தம் ஆகியவற்றின் நகலை ஞாயிறு மாலை சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். பில்லைத் தொலைத்தவர்களும் வாருங்கள், ஆர்.சி. இருந்தால் போதும். வீட்டுக்காரரை அழைத்து வர வேண்டிய அவசியமில்லை.