முதுகில் நீர் எடுப்பது

தாம்பரத்தை அடுத்து வடக்கே உள்ள ரயில் நிலையத்துக்குச் 'சானடோரியம்' என்று பெயர். 1928-ஆம் வருஷத்தில் டாக்டர் சவுரிமுத்து நிறுவி, 1937-இல் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட க்ஷயரோக ஆஸ்பத்திரியே அப்பெயருக்குக் காரணம். க்ஷயம் என்றால் நுரையீரல் வியாதி என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். அது மூளையைச் சூழ்ந்த சவ்வையும் பற்றுவதுண்டு. குழந்தைகளுக்கு இந்த அபாயம் அதிகம். பல நாள் ஜுரமும் தலைவலியும் வாந்தியும் மயக்கமும் சேர்ந்து கண்டால், முதுகில் நீர் எடுத்துப் பார்க்கவேண்டும் என்பார் வைத்தியர்.

அதைக் கேட்டதும் வீட்டார் நடுங்குகிறார்கள். "முதுகில் குத்தினால் கால் விளங்காது" என்று அண்டை அயலார் வேறு பயமுறுத்துகிறார்கள். இந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்று பார்ப்போம்.

1891-இல் ஜெர்மனியில் குவின்கே என்ற வைத்தியர் வழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பு எலும்புக் கணுக்களில் முதலாவது, இரண்டாவது கணுவோடு முடிந்துவிடுகிறது. ஊசி செல்வது அதற்கும் கீழே. அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகளே உண்டு. மூளையையும் தண்டையும் சூழ்ந்த நீர் சுமார் 150 மில்லி. பரீட்சைக்கு எடுப்பது பெரும்பாலும் 10 மில்லிக்குள். உடல் பிரதி தினமும் 500 மில்லி வரை புதிதாகச் சுரக்கிறது.

அப்படியானால் கால் விழுந்த கதைகள் எங்கிருந்து வந்தன? சவ்வைப் பற்றிய க்ஷயமே பக்கவாதத்தை உண்டாக்கவல்லது. தாமதித்து வந்தவருக்கு நோயினால் கால் போனால், பழி ஊசியின்மேல் விழுகிறது.

கஷ்டமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. எழுந்து உட்கார்ந்தால் மிகுந்து, படுத்தால் தணியும் தலைவலி சிலருக்கு வரும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் நீங்கும். மெல்லிய, முனை மழுங்கிய ஊசி அதைக் குறைக்கும். மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பதால் அது தடைப்படுவதில்லை. ரத்தக் கசிவும் கிருமித் தொற்றும் அபூர்வம். மூளையில் கட்டியோ வீக்கமோ இருந்தால்தான் பெரிய அபாயம். அந்தச் சந்தேகம் உள்ளவர்களுக்கு முதலில் ஸ்கேன் எடுப்பார்கள்.

ஆகையால் கையெழுத்திடுமுன், நோயாளி ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை வைத்தியரிடம் தவறாமல் சொல்லவேண்டும். ஸ்கேன் தேவையா, எந்த ஊசி என்று கேட்பதிலும் தவறில்லை. பிறகு கால் மரத்தாலும், சிறுநீர் அடைத்தாலும், ஜுரம் ஏறினாலும் உடனே திரும்பிச் செல்லவேண்டும். இவ்வளவும் தெரிந்துகொண்டபின், "நல்ல நாள் பார்த்துச் செய்யலாம்" என்று ஒத்திப்போடுவதே குழந்தைக்குச் செய்யும் பெருந்தீங்கு.