புதுசா வர்றவங்களுக்கும் ஒரு சீட்டு

போன தடவை இதே சுவரில் ‘செல்போன் நன்மையா தீமையா’ என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். நான் செல்போன் இல்லாமல் விளையாடுவதைப் பற்றி எழுதுகிறேன். அதில் புதுசாகச் சேர வருகிறவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதுதான் விஷயம். யாரையும் மனசில் வைத்து எழுதவில்லை. (கொஞ்சம் வைத்துத்தான் எழுதுகிறேன். பெயர் போடவில்லை.)

எங்கள் தெருவில் சனிக்கிழமை ராத்திரி சாவடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். அம்மாமார் பட்டாசு ஆபீஸிலிருந்து வந்து, சமையல் முடிந்து, திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற நேரம். நாங்கள் ராஜா ராணி சீட்டு விளையாடுவோம். ராஜாவுக்கு 1000, ராணிக்கு 800, மந்திரிக்கு 500, போலீஸுக்கு 100, திருடனுக்கு பூஜ்யம். ஊருக்கு ஊர் மார்க் மாறும். சீட்டைச் சுருட்டிக் குலுக்கிப் போட்டதும் ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். போலீஸ் மட்டும் எழுந்து, திருடன் யாரென்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் அந்த 100 திருடனுக்குப் போய்விடும்.

இப்போது புதுசாக ஒரு பிள்ளை வந்து உட்காருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் யாரைக் கை காட்டுவார்? அவளைத்தான். ராஜா சீட்டு கிடைத்தாலும் அவள் முகம் திருதிருவென்றுதான் இருக்கும், ஏனென்றால் அவளுக்கு ஆட்டமே தெரியாது. நாலு ஆட்டம், நாலு தடவையும் ‘நீதான் திருடன்’. எல்லாரும் சிரிப்போம். விளையாட்டுதானே என்று நினைக்கலாம். ஆனால் எங்கள் வகுப்பில் ஒரு நாள் ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று காணாமல் போனபோது பாதிப் பேர் திரும்பிப் பார்த்தது, அந்த வருஷம் புதுசாகச் சேர்ந்த பிள்ளையைத்தான். பாக்ஸ் பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது. அதற்குப் பிறகு அவள் சாவடிக்கு வரவில்லை. கூப்பிட்டால் “வேலை இருக்கு”ங்கிறாள். வேலை என்றால் வீட்டில் உட்கார்ந்து குழாய் உருட்டுவது. ராத்திரி விளையாட வராத பிள்ளைக்கு நம்ம ஊரில் வேறு என்ன வேலை இருக்கும்?

தாயமும் அப்படித்தான். இரண்டு கட்டையை உருட்டி ஒன்று விழுந்தால்தான் காய் இறங்கும். பழகின ஆளுக்கு அது பெரிய விஷயம் இல்லை. புதுசாக வந்தவளுக்கு ஒரு மணி நேரம் தாயமே விழவில்லை என்றால், அவள் மற்றவர்கள் வெட்டுவதையும் பழம் எடுப்பதையும் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இதற்கு நம் பாட்டிமார் கண்டுபிடித்த வழி ‘உப்புக்குச் சப்பாணி’. சின்னப் பிள்ளை அழுதால் அதையும் சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடலாம், யாரும் பிடிக்க மாட்டார்கள், அவுட்டும் கிடையாது. நல்ல மனசுதான். ஆனால் எனக்கு இரண்டு ஆட்சேபணை உண்டு. ஒன்று, அந்தப் பேர். சப்பாணி என்றால் நடக்க முடியாதவர். காலில் குறை உள்ள ஒரு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அப்படிக் கத்தினால் அதன் மனசு என்ன பாடுபடும்? இரண்டாவது, சேர்த்துக்கொண்ட மாதிரி காட்டிவிட்டு கணக்கில் எடுக்காமல் விடுவது. நாலு வயசுப் பிள்ளைக்கு அது போதும். பதினாலு வயசுப் பிள்ளைக்கு உடனே புரிந்துவிடும்.

எங்கள் இங்கிலீஷ் டீச்சர் ஒரு அமெரிக்க விளையாட்டைப் பற்றிச் சொன்னார்கள். பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்று இரண்டு பேர் உருவாக்கி 1974-இல் வெளிவந்தது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்து, ‘நான் இப்போது இதைச் செய்கிறேன்’ என்று வாயால் சொல்ல வேண்டும். செய்ய முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இருபது பக்கம் உள்ள பகடைகூட உண்டாம். இதில் ஜெயித்தவர் தோற்றவர் என்று கிடையாது. (பகடை நமக்கு ஒன்றும் புதுசில்லை. நம் மாவட்டத்தில் வெம்பக்கோட்டை பக்கம் விஜயகரிசல்குளத்தில் 2022-இல் தொடங்கிய அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காயும் வட்டச்சில்லும் கிடைத்திருக்கின்றன.)

நாங்கள் தாயக்கட்டையை வைத்தே அதை விளையாடிப் பார்த்தோம். கதை: சதுரகிரி மலையில் ராத்திரி வழி தவறிவிட்டது. ஒருத்தி வைத்தியச்சி, ஒருவன் ஆட்டுக்காரன், ஒருவன் வனக்காவலர். ஒரு குட்டிப் பையன் எந்தக் கதை என்றாலும் தீயணைப்பு வீரர்தான் ஆவேன் என்பான். ஏன் என்று நம்ம ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு வத்திராயிருப்பு பக்கத்திலிருந்து லீவுக்கு வந்த ஒரு பிள்ளையும் உட்கார்ந்தாள். விதி எதையும் நாங்கள் சொல்லவில்லை. “ஓடையில தண்ணி ஏறுது, நீ என்ன செய்வ?” என்று மட்டும் கேட்டோம். அவள் யோசிக்கவே இல்லை. “தாண்டக் கூடாது. மேல மழைன்னா திடீர்னு காட்டாறு வரும். இந்தப் பக்கமே மேட்டுல உக்காரணும்” என்றாள். ஆட்டுக்காரன் கேட்காமல் இறங்கினான். கட்டையை உருட்டினால் விழுந்தது ரெண்டு. அவனையும் ஆட்டையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்த ஆட்டத்திலிருந்து எல்லாரும் அவளைக் கேட்டுத்தான் நடந்தார்கள். வந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அதனால் என் கருத்து இதுதான். புதுசாக வந்தவரிடம் முதலில் விதியை ஒப்பிக்க வேண்டாம், கேட்பவருக்குத் தலை சுற்றும். சீட்டு ஆட்டம் என்றால் முதல் இரண்டு ஆட்டம் சீட்டைத் திறந்து வைத்தே ஆடலாம். போலீஸ் சீட்டை முதலில் அவருக்கே கொடுத்தால் அவர்தான் நம் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். தாயத்தில் புதியவருக்கு மட்டும் முதல் காயைச் சும்மா இறக்கி விடலாம். பக்கத்தில் ஒரு அக்கா உட்காரட்டும், ஆனால் அவர் கையிலிருந்து கட்டையைப் பிடுங்கி உருட்டக் கூடாது. (இது அக்காமாருக்குத்தான்.)

“புதுசா ஆள் சேர்த்தா ஆட்டம் கெட்டுப்போகும்” என்று பையன்கள் சொல்வார்கள். கெடும்தான், ஒரு அரை மணி நேரம். நோட்டில் எழுதி வைத்த மார்க்கை மறுநாள் காலையில் யார் எடுத்துப் பார்க்கிறார்கள்? அதே ஆறு பேர், அதே முகம் என்று ஆடினால், திருடன் சீட்டு வந்ததும் எவன் மூக்கைச் சொறிவான் என்பதுகூட மனப்பாடம் ஆகிவிடுகிறது. அது மட்டும் ஆட்டமா?

ஜாமெட்ரி பாக்ஸ் விஷயத்தில் திரும்பிப் பார்த்தவர்கள் அவள் வீட்டுக்குப் போய்க் கூப்பிட வேண்டும். வாசலில் நின்று கத்தாமல், உள்ளே போய் அவள் அம்மாவிடம் கேட்டுக் கூட்டி வர வேண்டும். இந்தச் சனிக்கிழமை ராத்திரி ஏழரை மணிக்கு, சாவடியில். சீட்டு எழுதத் தாள் கொண்டு வாருங்கள். கணக்கு நோட்டின் நடுப்பக்கம் வேண்டாம், சார் எண்ணிப் பார்க்கிறார்.

– ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி