முன்பண நோட்டைக் கிழிப்போம்!



2021-ல் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தபோது நாமெல்லாம் கைதட்டினோம். தட்ட வேண்டியதுதான். விளைஞ்சதுக்கு விலை இல்லாம ஏறின கடன் அது. ஆனா நம்ம தோட்டத்து ஆள் பேருல எழுதி வெச்சிருக்கிற முன்பண நோட்டை அன்னிக்கு யாராவது எடுத்துப் பார்த்தோமா?

அந்தக் கடன் எப்பவோ தள்ளுபடி ஆயிடுச்சுங்க. 1976 பிப்ரவரி 9-ல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. முன்பணத்தைக் காட்டி ஒரு ஆளை வேறு வேலைக்குப் போகவிடாமல் நிறுத்தினால் அந்தக் கடன் ரத்து. வசூலிக்கக் கூடாது. வேலை வாங்கினவருக்கு மூன்று வருசம் வரை ஜெயில். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்புதான் என்று 1982-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அதுக்கு முந்தியும் சட்டம் உண்டு. 1833-ல் வெள்ளைக்காரன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டான். கும்பினி ஆண்ட நம்ம சீமையை அதில் சேர்க்கவில்லை. ஒழித்த இடத்திலும் 2 கோடி பவுன் நஷ்ட ஈடு கொடுத்தான். யாருக்கு? அடிமையை வெச்சிருந்த முதலாளிக்கு! அடிமைக்கு ஒரு காசு கிடையாது. நமக்கு 1843-ல் வந்த சட்டம், ‘இவன் என் அடிமை’ என்று கோர்ட்டில் வழக்காட முடியாது என்றது. அடிமை என்ற பேர் போச்சு, கடன் நின்னுக்கிச்சு.

நம்ம அப்பாரு காலத்துப் பண்ணயம் நமக்குத் தெரியாததா? அப்பன் வாங்கின கடனுக்கு அருந்ததியர் வீட்டுப் பையன் எட்டு வயசில் மாடு மேய்க்க வருவான். கூலி கம்பும் சோளமும். நோம்பிக்கு ஒரு வேட்டி. தலை நரைச்ச மனுசனை நம்ம வீட்டுப் பொடியன் ‘டேய்’ என்பான். அவர் ‘சின்னப் பண்ணாடி’ என்பார். காப்பி கொட்டாங்குச்சியில். பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

இப்ப அப்படி இல்லையே என்பீர்கள். கவலை போய் மோட்டார் வந்தது. அவர்கள் பிள்ளைகள் கணபதிப் பக்கம் பட்டறைக்கும் மில்லுக்கும் போனார்கள். வழி காட்டினது நாமில்லை. ஆனால் தறிக் குடோனிலும் செங்கல் சூளையிலும் முன்பணம் அவங்களுக்கு முன்னாடியே போய் உட்கார்ந்திருந்தது. நம்ம தோட்டங்களை விட்டும் அது முழுசாப் போகலை.

‘முன்பணம் குடுக்காட்டி ஆளு நிக்கறதில்லீங்க, கட்டுபடி ஆகலீங்க’ என்று நம் கூட்டத்திலேயே பேசுகிறார்கள். கட்டுபடி ஆகாதது நிஜம். அதைக் கேட்க வேண்டிய இடம் அரசாங்கம். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவையையே மறிச்சவங்கதானே நாம்! அன்னிக்குத் தோட்டத்துல நின்னு மாட்டுக்குத் தண்ணி காட்டினது யாரு? அந்த வீட்டுக்காரன் தலையிலா நம்ம நட்டத்தை வைக்கிறது?

சங்கம் கேட்டுக்கொள்வது இதுதான். அவசரத்துக்குக் கொடுத்தது கைமாத்தாவே இருக்கட்டும். கூலியில் பிடிக்காதீங்க, போகிறவரைத் தடுக்காதீங்க. கூலி வாரா வாரம் கையில். ஆணோ பெண்ணோ, ஒரே வேலைக்கு ஒரே கூலி. டீ எல்லோருக்கும் ஒரே டம்ளரில்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அவரவர் முன்பண நோட்டைக் கொண்டு வாருங்கள். எங்க வீட்டு நோட்டும் வரும். அதில் ரெண்டு பேர் இருக்காங்க.