ஏ.சி.எல். அறுவைக்கு நாள் குறிக்கும் முன் தொடையின் வலுவை அளந்தாக வேண்டும்

முழங்காலின் முன்சிலுவைத் தசைநார், அதாவது ஏ.சி.எல்., அறுந்தவருக்கு மறுசீரமைப்பு அறுவை தேவை என்று முடிவானால், நாள் குறிப்பதற்கு முன் அவருடைய தொடையின் முன்தசை வலுவை அளந்து எண்ணாகப் பதிவு செய்ய வேண்டும். வலு குறைந்திருந்தால் முதலில் அதை வளர்க்க வேண்டும். அதற்காகும் வாரங்களும் சிகிச்சைக் காலம்தான். எலும்பு மருத்துவர்களும் இயன்முறை மருத்துவர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது.

இப்போது நடப்பது வேறு. கபடி ஆட்டத்தில் கணுக்காலைப் பிடித்திழுக்க, ஊன்றிய கால் திருகி, முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் கேட்கிறது. அன்றிரவே மூட்டு வீங்குகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தபின் “ஜவ்வு கிழிஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்” என்கிறார்கள். நீளமான பட்டை ஒன்றைக் காலில் மாட்டி, அசைக்காதே என்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். சிலர் கட்டுப்போடும் இடத்துக்குப் போய் மாதக்கணக்கில் காலை மடக்காமலே வைத்திருக்கிறார்கள். அறுவை மேசைக்கு வரும்போது தொடை பாதியாய் வற்றியிருக்கிறது. இடைப்பட்ட நாள்களில் அந்தத் தசையை யாரும் தொட்டுக்கூடப் பார்த்திருப்பதில்லை.

தசை வலுவிழப்பது ஓய்வினால் மட்டுமல்ல. மூட்டுக்குள் நீர் கோத்தால், அங்கிருந்து போகும் நரம்புச் செய்தி தொடைத் தசைக்கு வரும் கட்டளையைத் தணித்துவிடுகிறது. 1984இல் வெளியான ஓர் ஆய்வில், காயமில்லாத முழங்காலுக்குள் உப்புநீரைச் செலுத்திப் பார்த்தார்கள். 20 முதல் 30 மில்லிலிட்டர் போனதுமே தொடையின் உட்பக்கத் தசை அடங்கத் தொடங்கியது. 50, 60 மில்லிலிட்டரில் மற்றப் பகுதிகளும் அடங்கின. காயமே படாத காலுக்கு இந்த நிலை என்றால், ரத்தம் கோத்த முழங்காலைச் சொல்ல வேண்டியதில்லை. “மனசு வச்சுத் தூக்குப்பா” என்று நோயாளியைக் கடிந்துகொள்வது ஆகவே நியாயமில்லை. வீக்கம் வடியாமல் அந்தத் தசை முழுதாக விழிக்காது. நாடா வைத்துத் தொடையின் சுற்றளவை எடுப்பதும் போதாது. சுற்றளவு குறையாத தொடையிலும் வலு குறைந்திருக்கலாம்.

அறுவைக்குப் பிறகு பயிற்சி செய்து சரிக்கட்டலாமே என்று கேட்பவர்களுக்கு நார்வேயின் ஆஸ்லோ குழு 2009இல் வெளியிட்ட முடிவைச் சுட்டுகிறோம். அறுவைக்கு முன் காயமுற்ற காலின் தொடை முன்தசை மற்றக் காலைவிட 20 சதவீதத்துக்கு மேல் வலுக்குறைந்திருந்தவர்களிடம், இரண்டு ஆண்டு கழித்தும் வலுக்குறை கணிசமாக நீடித்தது. முழங்கால் எப்படி இயங்கும் என்பதையும் அறுவைக்கு முந்தைய அந்த வலுவே பெரிதும் முன்னுணர்த்தியது. இதில் எங்களுக்கு வியப்பில்லை. அறுந்த தசைநாருக்குப் பதிலாகப் பொருத்தும் ஒட்டுக்கான நாரைச் சில்லெலும்புக்குக் கீழுள்ள தசைநாண், தொடையின் பின்தசை நாண் போன்ற இடங்களிலிருந்தே எடுக்கிறோம். அறுவையே தொடைக்கு இன்னொரு காயம். ஏற்கெனவே வற்றிய தொடை அதை எப்படித் தாங்கும்?

அதே குழு 2010இல், அண்மையில் காயமுற்ற 100 பேருக்கு ஐந்து வாரப் பயிற்சி கொடுத்து, வலுவும் இயக்கமும் தெளிவாக மேம்பட்டதைக் காட்டியது. அப்படிப் பயின்று அறுவைக்குப் போனவர்களை நார்வேயின் தேசியப் பதிவேட்டிலுள்ள நோயாளிகளோடு ஒப்பிட்டபோது, இரண்டு ஆண்டுக்குப் பின்னும் பயின்றவர்களின் முழங்கால் மேலான நிலையில் இருந்தது. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கு அறுவைக்குப் பின் கிடைத்த கவனிப்பும் சிறப்பாகவே இருந்தது. ஆனாலும் ஐந்து வாரப் பயிற்சியின் செலவையும் ஆபத்தையும் எடைபோட்டால், அதை மறுக்க எந்தக் காரணமும் எங்களுக்குத் தெரியவில்லை.

தாமதித்தால் குறுத்தெலும்பு வட்டு கிழியுமே என்ற கவலை உண்மையானது. கால் நழுவ நழுவ விளையாடுபவருக்கு அது நடக்கும். நாங்கள் சொல்வது ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பயிற்சி செய்யும் சில வாரங்களை. மாதக்கணக்கான அலட்சியத்தை அல்ல. அவசரத்துக்கும் விலை உண்டு: காயம்பட்ட முதல் வாரத்திலேயே அறுவை செய்தவர்களுக்கு மூட்டு இறுகிப்போவது அதிகம் என்பதை அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் மருத்துவர்கள் 1991இலேயே எழுதிவிட்டார்கள். சுவீடனில் 121 இளைஞர்களிடம் நடந்த சோதனையில், பயிற்சியோடு தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் அறுவை என்றிருந்த 59 பேரில் 23 பேருக்கே இரண்டு ஆண்டுக்குள் ஏ.சி.எல். அறுவை தேவைப்பட்டது. உடனே அறுவை செய்துகொண்டவர்களைவிட அந்தப் பிரிவினரின் நிலை தாழ்ந்திருக்கவும் இல்லை.

கிழிந்த வட்டு சிக்கி முழங்கால் பூட்டிக்கொண்டவர்கள், பல தசைநார்கள் ஒருசேர அறுந்தவர்கள், மூட்டு விலகி ரத்தக்குழாய் அடிபட்டவர்கள், எலும்பு முறிந்தவர்கள் ஆகியோருக்கு இந்த அறிக்கை பொருந்தாது. அவர்களுக்கு நேரம் முக்கியம்.

மற்றவர்களுக்கு நாங்கள் கேட்பது இது. வீக்கம் பெரும்பாலும் வடிந்திருக்க வேண்டும். முழங்கால் மற்றக் காலைப் போல முழுதாக நீள வேண்டும். நீட்டிய காலை மடங்கவிடாமல் தூக்க முடிய வேண்டும். தொடை முன்தசை மற்றக் காலின் வலுவில் 80 சதவீதத்தையாவது எட்ட வேண்டும். இந்த 80ஐ மந்திர எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாரக்கணக்கில் படுத்திருந்தவரின் நல்ல காலும் மெலிந்திருக்கும், ஆகவே உடல் எடையோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

தசை வலுவைத் துல்லியமாக அளக்கும் ஐசோகைனெடிக் இயந்திரம் எல்லா மருத்துவமனையிலும் இல்லை. அதைக் காரணம் காட்டி அளக்காமல் விடக் கூடாது. கையடக்க வலுமானியைப் பட்டையால் கட்டிலோடு கட்டி அளக்கலாம். அதுவும் இல்லையென்றால் ஜிம்மில் இருக்கும் லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரத்தில் ஒவ்வொரு காலாகத் தூக்கும் எடையைக் குறிக்கலாம். மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்து “ஐந்துக்கு ஐந்து” என்று எழுதுவதை மட்டும் நாங்கள் ஏற்பதில்லை. பெரிய வலுக்குறைகூட அதில் தப்பிவிடும்.

பயிற்சியும் பெயருக்கு இருக்கக் கூடாது. குதிகாலுக்கடியில் தலையணை வைத்துக் காலை நீட்டுவது, தொடையை இறுக்கிப் பிடிப்பது, தேவைப்பட்டால் மின்தூண்டல் என்று தொடங்கி, நிலைசைக்கிள், படியேற்றம், லெக் பிரஸ், ஒற்றைக்கால் குந்துதல் என எடையைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். வாரத்தில் இரண்டு முதல் நான்கு நாள், தசை உண்மையிலேயே களைக்கும் அளவுக்கு. மறுநாள் வீக்கம் கூடினால் எடையைக் குறைக்க வேண்டும். வெறும் காலைத் தூக்கி இறக்கும் பயிற்சியோடு நிறுத்திவிடுவது எங்கள் துறையிலேயே பரவியிருக்கும் குறை.

காப்பீட்டுத் திட்டங்களும் நிறுவனங்களும் அறுவைச் செலவோடு இந்த முன்பயிற்சிக்கும் அளவீட்டுக்கும் பணம் ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். பயிற்சியாளர்களும் பெற்றோரும் “எப்போ ஆபரேஷன், எப்போ திரும்ப ஆடலாம்” என்று மருத்துவரை நெருக்காமல், தொடை எவ்வளவு தேறியிருக்கிறது என்று கேட்கத் தொடங்க வேண்டும்.

அறுவைக்குக் காத்திருப்பவர்களே, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் உங்கள் இரண்டு தொடைகளின் வலு என்ன என்று எண்ணில் கேளுங்கள். அளக்கவில்லை என்றால், அளக்கச் சொல்லுங்கள்.