நீர்க்கரைக்கு வந்த கிழவி



கண்டிப் பெரஹராவின் யானைகளையும் தீப்பந்தங்களையும் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பீர்கள். கடைசி இரவு ஊர்வலம் முடிந்து, விடியுமுன் கெட்டம்பேயில் நடப்பதைப் பார்த்தவர் குறைவு. நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி ஆகிய நான்கு தேவாலயங்களின் கப்புறாளைமார் மகாவலி கங்கையில் வாளால் நீரை வெட்டி, அந்த இடத்து நீரைக் குடத்தில் மொள்வார்கள். சென்ற வருடத்து நீரை ஆற்றிலே விட்டுவிட்டுத்தான் புது நீர். அது அடுத்த பெரஹரா வரை தேவாலயத்தில் இருக்கும். திரும்பும் வழியில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தங்கிப் போவதும் வழக்கம்.

அந்தக் குடங்களில் ஒன்று பத்தினியுடையது. சிங்கள மக்கள் பத்தினி என்று கும்பிடுவது எங்கள் கண்ணகியைத்தான். கஜபாகு மன்னன் இவ்வழிபாட்டை இங்கு கொண்டுவந்தான் என்பது மரபு.

கணவனை அநியாயமாகப் பறிகொடுத்தவள் அவள். எங்கள் வீடுகளிலோ கணவனை இழந்தவள் எதிரே வந்தால் சகுனம் பார்ப்போம். கல்யாணத்தில் ஆலாத்தி எடுக்க அவளைக் கூப்பிடமாட்டோம். ஆனால் அம்மை கண்டாலும் மழை பொய்த்தாலும் ஓடிப்போய் நிற்பது அந்தக் கைம்பெண்ணின் வாசலில்! இதை நாம் யோசிப்பதேயில்லை.

வன்னிச் சகோதரிகளுக்கு வற்றாப்பளையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மதுரை எரிந்த பின் கண்ணகி இலங்கைக்கு வந்தாளாம். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்கள் ஒரு கிழவியைக் கண்டார்கள். பசிக்கிறது என்றாள். பொங்கிக் கொடுத்தார்கள். பொழுதுபட்டது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. கடல்நீரை ஊற்றி ஏற்றுங்கள் என்றாள். எரிந்தது. இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரித்த பின்பே வற்றாப்பளையில் பொங்கல். 2009 வைகாசியில் அந்த நந்திக்கடலைக் கடந்துதான் உங்களில் பலர் வந்தீர்கள். நான் மேலே எழுதவில்லை.

நீர்க்கரைக்கு ஒரு கிழவி வந்த கதை பழைய கிரேக்க நாட்டிலும் உண்டு. தானியங்களுக்குத் தெய்வமான தெமேத்தரின் மகள் பெர்சபோனியைப் பாதாள அரசன் தூக்கிக்கொண்டு போனான். தாய் ஒன்பது நாள் பந்தம் ஏந்தித் தேடினாள். பின்னர் எலூசிஸ் என்ற ஊரில் கிழவி வேடத்தில் கிணற்றடியில் அமர்ந்தாள். தண்ணீர் மொள்ள வந்த நான்கு பெண்பிள்ளைகள் அவளை விசாரித்து, தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஆனால் அவள் ஆறிவிடவில்லை. மகளைக் காணும்வரை பூமியில் ஒரு விதையையும் முளைக்கவிடவில்லை. கடைசியில் தேவர்களே இறங்கி வந்தார்கள். அப்போதும் மகள் வருடத்தில் ஒரு பகுதியைப் பாதாளத்தில்தான் கழிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோயில் வாசலில் கல்கட்டிய பழங்கிணறு ஒன்று இன்னும் இருக்கிறது. 2017 இல் கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் அமர்ந்த தாய்மாருக்கு இந்தக் கதை புதிதாக இராது.

கண்டிக்கு ஆஸ்பத்திரி அலுவலாக வருபவர்கள் நேரமிருந்தால் பத்தினி தேவாலயத்துக்குப் போய்ப் பாருங்கள். தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே, நடக்கும் தூரம். நான் பலமுறை போயிருக்கிறேன். என் வெறும் நெற்றியைப் பார்த்து யாரும் அங்கே எதுவும் கேட்டதில்லை.