நூல் ஒன்றாயிற்று, பலகை ஒன்றாயிற்றா?

தோழரே!

தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளிலே நம் ஊர்த் தேநீர்க் கடைகளிலே நடைபெறும் உரையாடலை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மாவட்டவரிசையிலே திருவண்ணாமலை எத்தனையாவது இடம்? எந்தப் பள்ளி நூற்றுக்கு நூறு? தனியார் பள்ளி வாயிலிலே பதாகை ஆடுகிறது. அடுத்த தெருவிலுள்ள அரசுப் பள்ளியின் கணக்கைக் கண்டு உதட்டைப் பிதுக்குகிறார்கள். எவ்வளவு மதிப்பெண் என்று கேட்கத் தெரிந்த நமக்கு, அந்தப் பலகையிலே அமர்ந்து தேர்வெழுதியவர் யார் என்று மட்டும் கேட்கத் தோன்றுவதில்லை!

பத்துப் பிள்ளைகள் தேர்வெழுதும் சிற்றூர்ப் பள்ளியிலே ஒருவன் தவறினால் தேர்ச்சி 90 விழுக்காடு. இருநூறு பேர் எழுதும் பெரும் பள்ளியிலே ஒருவன் தவறினால் 99.5 விழுக்காடு. இரண்டிடத்திலும் தவறியவன் ஒருவன்தான். ஆயினும் முன்னதற்கு விளக்கம் கேட்டு ஓலை வருகிறது. பின்னதற்கு மாலை விழுகிறது. பெரும் பள்ளி பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்துச் சேர்த்ததென்பதும், ஒன்பதாம் வகுப்பிலேயே பின்தங்கியவன் கையிலே மாற்றுச் சான்றிதழைத் திணிக்கும் வழக்கம் நாட்டிலே உண்டென்பதும் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அப்படி விரட்டப்பட்ட பிள்ளைக்குக் கதவைத் திறப்பது எது? முடியாது என்று சொல்ல உரிமையற்ற அரசுப் பள்ளிதான்!

சவ்வாது மலையை எண்ணிப் பாருங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டிலே செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்று 20 பேர் ஆந்திரக் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்களே, அவர்களிலே பெரும்பாலோர் நம் மாவட்டத்தையும் தருமபுரியையும் சேர்ந்த ஏழைகள். வயிற்றுப் பிழைப்புக்காகத் தந்தை எல்லை தாண்டிப் போகும் வீட்டுப் பிள்ளை பெறும் நாற்பது மதிப்பெண்ணையும், மாலையிலே தனிப்பாடம் பயிலும் வணிகர் வீட்டுப் பிள்ளை பெறும் தொண்ணூறையும் ஒரே தராசிலே நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

பலகையிலே எல்லாரையும் கலந்து அமர்த்தினால் என்ன நேரும்? நம் ஊர்ப் புறத்திலேயே, கணந்தம்பூண்டிப் பக்கம், ஒரு சிறு பள்ளி அதனைச் செய்து பார்த்து வருகிறது. மருதம் பண்ணைப் பள்ளி என்று பெயர். அண்ணாமலையின் மொட்டைச் சரிவுகளிலே மரம் நட்டுக் காடு வளர்க்கும் அறக்கட்டளையினர் 2009ஆம் ஆண்டு தொடங்கியது. சுற்றுப்புறச் சிற்றூர்களின் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள், பெருநகர் விட்டு வந்து குடியேறிய படித்தவர் பிள்ளைகள், மலையை நாடி வந்து தங்கிய வெளிநாட்டார் பிள்ளைகள், மூவகையாரும் அங்கே ஒரே கூரையின்கீழ்! தமிழிலே விளையாடும் சிறுவனோடு ஆங்கிலம் பேசும் சிறுவன் விளையாட வேண்டுமானால் இவன் அதனையும் அவன் இதனையும் கற்றே தீரவேண்டும். இந்தத் தேர்ச்சிக்கு எந்தத் தேர்வுத்துறை மதிப்பெண் தருகிறது?

பண்ணை, கைத்தொழில் என்ற சொற்களைக் கேட்டதும் உங்கள் புருவம் உயரும். உயரத்தான் வேண்டும். 1953ஆம் ஆண்டு இராசாசி கொணர்ந்த திட்டத்தை மறந்தவர்களா நாம்? மூன்று மணி நேரம் பள்ளி, மிச்ச நேரம் அப்பன் தொழில் என்றார்கள். குயவன் மகனுக்குச் சக்கரம், வண்ணான் மகனுக்கு வெளுப்பு. எழுதுகோல் பிடிப்பவன் மகனுக்கோ எழுதுகோல்! நாடு கொதித்தெழுந்தது, 1954ஆம் ஆண்டு காமராசர் ஆட்சியிலே அத்திட்டம் தொலைந்தது. பிறப்பைப் பார்த்துப் பிள்ளையின் கையிலே கருவியைக் கொடுத்ததுதான் அதன் கொடுமை. எவன் பிள்ளையானாலும் ஒரே மண்ணைக் கிளறட்டும், ஒரே நூலைப் படிக்கட்டும் என்பது அதற்கு நேர் எதிரானது. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமல் மண்வெட்டியைக் கண்டாலே குலக்கல்வி என்று கூவுவோமானால், எதிரிக்கு அது இனிப்பாகத்தான் இருக்கும்.

அது ஓர் அறக்கட்டளையின் சிறு பள்ளி, அரசுப் பள்ளியன்று. ஊருக்கு ஊர் அதுபோல் தோன்றும் என்று காத்திருப்பது மடமை. ஆனால் மாற்றுக் கல்விமுறை பொதுப் பள்ளிக்கு வராது என்பதும் பொய். ரிஷிவாலியிலே வளர்ந்த அட்டைவழிக் கற்பித்தல், 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் நுழைந்து, 2007ஆம் ஆண்டிலே செயல்வழிக் கற்றலாகத் தமிழகமெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவவில்லையா? முறை வந்தது. வராதது கலப்பு.

அண்மைப் பள்ளி வேண்டும், அப்பகுதியின் செல்வன் பிள்ளையும் ஏழை பிள்ளையும் அதிலேயே படிக்கவேண்டும் என்று 1964 முதல் 1966 வரை ஆய்ந்த கோத்தாரிக் குழு எழுதி வைத்தது. எழுதியது ஏட்டிலே உறங்குகிறது. நாம் சமச்சீர்க் கல்விக்குப் போராடினோம். 2010இல் சட்டம் வந்தது. 2011 ஆகஸ்ட்டு 9 அன்று உச்சநீதிமன்றம் அதனை நிலைநிறுத்தியது. நான்கு வாரியங்களின் பாடத்திட்டம் ஒன்றாயிற்று. பெரும் வெற்றி! ஆனால் காலை எட்டு மணிக்கு நம் தெருமுனையிலே நின்று பாருங்கள். பௌர்ணமி இரவிலே பதினான்கு கிலோமீட்டர் மலைச் சுற்றிலே இலட்சம் பேர் தோளோடு தோள் உரச நடக்கும் இவ்வூரிலே, விடிந்ததும் பிள்ளைகள் வண்ண வண்ண வண்டிகளிலே பிரிந்து போகிறார்கள். நடந்து போகும் பிள்ளை எஞ்சியவன்!

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளியிலே நூற்றுக்கு 25 இடம் ஏழைக்கு என்றது. நல்ல எண்ணந்தான். விளைவு? சற்றே விழிப்புள்ள ஏழை வீட்டுப் பிள்ளை அரசுப் பணத்திலேயே அங்கே போகிறது. அரசுப் பள்ளியிலே தலை குறைகிறது. அறுபது பிள்ளைகள் வரை தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் இருவர் போதும் என்பதும் அதே சட்டம். இருவர் ஐந்து வகுப்பு நடத்தினால் பெற்றோர் நிலைப்பாரா? 2019ஆம் ஆண்டு பிள்ளையே இல்லாப் பள்ளிகள் 46ஐ நூலகமாக்க அன்றைய அரசு முற்பட்டது. நூலகம் நல்லதுதான். எழுத்தறிவிக்கும் இடத்தை மூடிவிட்டு நூலைத் திறந்து வைத்தார்கள்!

அரசு ஊதியம் பெறுவோர் தம் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கே அனுப்பவேண்டும் என்று 2015ஆம் ஆண்டு அலகாபாத் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அதிகாரிகளின் சாக்குகளைக் கண்டு நாம் சிரித்தோம். நம் கிளைக் கூட்டத்திலே அதே கேள்வியைக் கேட்டால் எத்தனை தலைகள் குனியும்? மேடையிலே அரசுப் பள்ளி வாழ்க என்பார், வீட்டிலே மெட்ரிகுலேஷன் கட்டணச் சீட்டை மடித்து வைத்திருப்பார். பகைவரைச் சொல்லவில்லை, தோழரே, நம்மவரைத்தான் சொல்கிறேன்.

ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று சட்டப்படி உண்டு. அதிலே நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வளர்ச்சித் திட்டம் தீட்டவும், செலவைக் கண்காணிக்கவும், ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா என்று கேட்கவும் அதற்கு உரிமையுண்டு. அடுத்த முறை குழு அமைக்கும் கூட்டத்திற்கு உங்கள் துணைவியாருடன் போங்கள். பெற்றோர் வரிசையிலே அமர ஒரே ஒரு தகுதிதான் கேட்பார்கள்: உங்கள் பிள்ளை அந்தப் பள்ளியிலே படிக்கவேண்டும்.