சங்கு ஊதியும் முடியாத வேலை

செல்போன் வந்து குடும்பத்தைக் கெடுத்துவிட்டது என்ற பேச்சு இன்று நம் மக்களிடையே பரவலாகக் கேட்கிறது. தாராவியிலும், சயான் கோலிவாடாவிலும், செம்பூரிலும் நாலு பெரியவர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. பிள்ளை தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை என்கிறார் தகப்பனார். அவர் மட்டும் நிமிர்கிறாரா என்கிறார் தாயார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது யார்? பத்துக்குப் பத்து அறையில் முடங்கிக் கிடக்கும் தொழிலாளியும் அவர் மனைவி மக்களும்! இதை நாம் ஏற்பதற்கில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். அந்தக் காலம் பொற்காலம் என்று நாம் கதை அளக்கப் போவதில்லை. 2013 ஜூலையில் தந்தி சேவை மூடப்பட்டபோது நம்மவர்கள் யாரும் கண்ணீர் விடவில்லை. தந்திக்காரரைக் கண்டாலே சந்தில் ஒப்பாரி எழும். தாய் இறந்த சேதி கிடைத்து, இங்கே ரயிலேறி, முப்பது மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து திருநெல்வேலியில் இறங்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். இன்று மரணப் படுக்கையில் கிடக்கும் தாயின் முகத்தையாவது வீடியோவில் பார்த்துவிட முடிகிறது. 2020 மார்ச் 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில் நாட்டையே பூட்டினார்களே, அப்போது ஊருக்கும் நமக்கும் இடையே இருந்த ஒரே கயிறு இந்தச் செல்போன்தான். மே மாதம் ஷ்ரமிக் ரயில்கள் ஓடத் தொடங்கியபோது, ஊர் திரும்பப் பெயர் பதிவதற்கும் பல இடங்களில் அதுவே வேண்டியிருந்தது. இதை மறந்து பேசுவது நன்றி கெட்டதனம்.

இருந்தாலும் இழந்தது எதுவும் இல்லையா? இருக்கிறது.

மணியார்டர் பாரத்தின் அடியில் சேதி எழுத ஒரு சிறு இடம் விட்டிருப்பார்கள். “மழை உண்டா, கடைக்குட்டிக்குக் காய்ச்சல் நின்றதா, கடனில் பாதியை அடைத்துவிடவும்” என்று அந்த இடத்துக்குள் ஒரு குடும்பமே நடந்தது. எழுதத் தெரியாதவருக்குப் படிப்பகத்தில் ஒரு தோழர் எழுதிக் கொடுப்பார். பதில் கடிதம் வந்தால் அவரே படித்தும் சொல்வார். ஒரு வீட்டின் கஷ்டம் நாலு வீட்டுக்குத் தெரிந்தது. அதில் வம்பும் இருந்தது, ஒத்தாசையும் இருந்தது. 2016-ல் யு.பி.ஐ. வந்தது. இப்போது பணம் ஒரு நொடியில் ஊர் போய்ச் சேருகிறது, கமிஷனும் கிடையாது. மிக நல்லது. ஆனால் பணம் மட்டும்தான் போகிறது. அந்த நாலு வரி போவதில்லை.

தொலைக்காட்சியின் கதையும் இதுதான். மும்பைக்குத் தூர்தர்ஷன் 1972 அக்டோபர் 2 அன்று வந்தது. 1987-ல் ஞாயிறு காலை ராமாயணம் ஓடியபோது, ஒரு பெட்டி இருந்த வீட்டின் முன் சந்தே கூடி உட்கார்ந்தது. (கதை நம் கொள்கைக்கு ஒவ்வாதது, பேசியதோ இந்தி, ஆனாலும் போய் உட்கார்ந்தவர்களில் நம் இயக்கத்தார் பலர் என்பது எல்லோருக்கும் தெரியும்.) 1993-ல் சன் டிவி வந்து கேபிள் இழுக்கப்பட்டதும் வீட்டுக்கு ஒரு பெட்டி ஆயிற்று. 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு ஆளுக்கு ஒரு பெட்டி. சந்து வீட்டுக்குள் சுருங்கியது, வீடு உள்ளங்கைக்குள் சுருங்கிவிட்டது.

ஆனால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் பட்டறையில் நின்றுவிட்டு, லோக்கல் ரயிலில் நசுங்கி வீடு வருகிற மனிதனிடம், பிள்ளையோடு பேசு என்றால் பேச அவனிடம் என்ன மிச்சம் இருக்கிறது? விரலை மட்டும் அசைத்தால் போதும் என்கிற ஒரு பொருள் கையில் இருக்கிறது; அதில் விழுகிறான். ஓய்வைப் பறித்தவர்கள் ஒருபுறம் இருக்க, ஓய்வு என்ற பெயரில் டேட்டா விற்பவர்கள் மறுபுறம் இருக்கிறார்கள்.

பரேல், லால்பாக் மில்கள் ஓடிய நாட்களில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. சங்குக்குப் பிறகு மேஸ்திரியின் அதிகாரம் வாசலோடு நின்றது. இன்று? சூப்பர்வைசர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார். இரவு பத்தரைக்கு “நாளை ஆறு மணிக்கு வா” என்று சேதி வருகிறது. பார்க்காவிட்டால் மறுநாள் வேலை இல்லை. தையல் பட்டறையின் சேட்டு சாப்பாட்டு நேரத்தில் அளவைப் படம் பிடித்து அனுப்புகிறார். அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்யும் நம் சகோதரிகள் பலரின் வருகை, கேட்டிலேயே ஆப்பில் பதிவாகி எஜமானியம்மாளுக்குச் சேதியாகப் போகிறது. உணவுப் பொட்டலம் சுமந்து பைக்கில் ஓடும் நம் பையன்களுக்கு முதலாளியின் முகமே தெரியாது. அவர்களுக்குச் செல்போன்தான் முதலாளி. அணைத்து வைத்தால் அன்றைய கூலி இல்லை. அந்தப் பையனைப் பார்த்து, சோறு தின்னும்போது போனைக் கீழே வை என்று நாம் அதட்டுகிறோம்!

1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். அந்த நாளின் ஆதிக் கோரிக்கை எட்டு மணி நேர வேலை. 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது. மின்சாரம் உள்ள இடமானால் பத்துப் பேர், இல்லாத இடமானால் இருபது பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை என்றார்கள். தாராவிப் பட்டறைகள் பலவும் அப்போதே வெளியே நின்றன. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்பு அந்த எண்ணிக்கையை இருபது, நாற்பது என்று உயர்த்திற்று. அதே ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு ஆப் தொழிலாளர்களைப் பெயர் சொல்லி ஏற்றது; அவர்களின் வேலை நேரத்துக்கு அது வரம்பு கட்டவில்லை. வேலை நேரம் முடிந்தபின் வரும் அழைப்பை எடுக்க மறுக்கும் உரிமை கேட்டு, பாராமதி உறுப்பினர் சுப்ரியா சுலே 2018-ல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் இந்நாட்டில் சட்டமானதில்லை என்பதை அறிந்தே வரவேற்கிறோம். பிரான்சில் 2017 முதல் இந்த உரிமை சட்டத்தில் இருக்கிறது.

நாம் என்ன செய்யலாம்? இரவு வரும் உத்தரவை வேலை நேரமாகக் கணக்கிட்டுக் கூலி கொடு என்று பட்டறைக்குப் பட்டறை கேட்கத் தொடங்கலாம். தனி ஆளாகக் கேட்டால் வேலை போகும். பத்துப் பேராகக் கேட்க வேண்டும். சங்கச் செய்தியையும் நாமே வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கிறோமே, அதை நிறுத்திப் பழையபடி வீடு வீடாகப் போக வேண்டும். ஊருக்குப் பேசுவதை ஞாயிறன்று குடும்பம் முழுவதும் கூடி, ஒரே போனில், ஆச்சி பேசுவது எல்லோருக்கும் கேட்கும்படி வைத்துக்கொள்ளலாம். ஆச்சியிடம் “சாப்பிட்டேன், வைக்கிறேன்” என்ற இரண்டு சொல்லோடு தமிழை முடித்துக்கொள்ளும் பிள்ளைகள் நம் வீடுகளில் வளர்கிறார்கள். அரைமணி நேரம் அவர் பேசக் கேட்டால் மூன்றாவது சொல்லும் வரும்.

இவற்றை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்க இருக்கிறோம். கூலிக் கோரிக்கைதான் முதலில் விவாதத்துக்கு வரும். ஷிப்டு முடிந்து வருகிறவர்களுக்காகக் கூட்டத்தை இரவு ஒன்பதுக்கு வைக்கச் சொல்லியிருக்கிறோம். பெண்கள் அவசியம் வர வேண்டும். சேட்டுக்கு என்ன பதில் சொல்வது என்ற பயம் உள்ளவர்களும் வந்து அதைக் கூட்டத்திலேயே சொல்ல வேண்டும்.